பார் அறிந்த பரதவர்

தூத்துக்குடி என்றதும் மாணவ நண்பர்களாகிய உங்கள் உள்ளத்தில் எழும் காட்சிகள் யாவை? வெண்குன்றுகள் போல் உப்புக் குவிந்து கிடக்கும் அளங்கள் சிலர் கண்முன் தோன்றலாம். 1906-ஆம் ஆண்டில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ. உ. சிதம்பரனாரின் திருவுருவம் சிலர் நெஞ்சில் எழலாம். 1974-ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட துறையும், அங்கே வந்து நிற்கும் நெடுங்கப்பல்களும் வேறு சிலருக்கு நினைவு வரலாம். இவையெல்லாம் கரையில் நின்று காணும் தூத்துக்குடி. கடலுக்கு அடியிலும் ஒரு தூத்துக்குடி உண்டு. அங்கும் பெயர் பெற்ற இடங்கள் உண்டு, எல்லைகள் உண்டு, விளைச்சல் உண்டு, வறட்சியும் உண்டு. அந்த நிலத்தை அளந்தறிந்த மக்களைப் பற்றியே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

மன்னார் வளைகுடாவில், கரையிலிருந்து ஏறத்தாழப் பத்து முதல் இருபது கிலோமீட்டர் தொலைவில், மணற்பரப்பின் நடுவே ஆங்காங்கே பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. கடலோடிகள் இவற்றைப் 'பார்' என்பர். முத்துச்சிப்பி மணலில் நிலைப்பதில்லை. தன் உடலிலிருந்து சுரக்கும் நாரினால் பாறையைப் பற்றிக்கொண்டே அது வளரும். ஆகவே பார் இருக்கும் இடத்திலேதான் சிப்பி இருக்கும். சிப்பி இருக்கும் இடத்திலேதான் முத்து இருக்கும். கடலுள் மூழ்கி அச்சிப்பியை எடுக்கும் பெருநிகழ்ச்சிக்குச் 'சலாபம்' என்று பெயர். மூழ்குபவர் 'குளியாள்' எனப்படுவார். முத்துக்குளித்தல் என்னும் அழகிய சொல் வழங்குவதும் இத்தொழிலுக்கே.

இத்தொழிலின் தொன்மையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. கொற்கை முத்தையும் அத்துறையில் வாழ்ந்த பரதவரையும் மதுரைக்காஞ்சி முதலிய சங்க நூல்கள் பேசுகின்றன. கி.பி. முதல் நூற்றாண்டில் செங்கடற் செலவு பற்றி நூல் எழுதிய கிரேக்க மாலுமி ஒருவர், பாண்டியரின் கொற்கையில் முத்துக்குளிப்பு நடந்ததைக் குறித்திருக்கின்றார். தண்டனை பெற்றவர்களே அவ்வேலையில் ஏவப்பட்டனர் என்றும் அவர் எழுதுகின்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரையில் முத்துக்குளிப்பு நடைபெற்றதாகவும், எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்குச் சென்றதாகவும் சொல்கின்றார். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து, அன்று துறைமுகமாயிருந்த கொற்கை இன்று கடலைக் காண முடியாத உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. கொற்கைக்குப் பின் காயல். காயலுக்குப் பின் புன்னைக்காயலும் தூத்துக்குடியும். பாண்டியருக்குப் பின் போர்த்துகீசியர்; 1658 முதல் டச்சுக்காரர்; அவர்களுக்குப் பின் ஆங்கிலேயர். இவ்வாறு துறைகள் மாறின; கொடிகளும் மாறின. ஆனால் நீருக்கு அடியில் சென்று பார்த்த கண்கள் மாறவில்லை. அவை இக்கடற்கரைப் பரதவரின் கண்கள். கீழக்கரை முதலிய ஊர்களைச் சேர்ந்த முஸ்லிம் குளியாட்களின் கண்கள்.

வரலாற்று நூல்களில் மன்னருக்கு எத்தனை பங்கு, கம்பெனிக்கு எவ்வளவு வருவாய் என்ற கணக்குகள் நிறைய இருக்கின்றன. அக்குளியாளுக்கு என்ன தெரிந்திருந்தது என்ற கேள்வியை நான் பல்லாண்டு வரலாறு பயிற்றியும் கேட்டதில்லை. அதைக் கேட்கத் தூண்டியவர், தூத்துக்குடியில் நான் சந்தித்த ஒரு முதியவர். எண்பது வயதைக் கடந்தவர். 1961-ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளைஞராய்க் கல் பற்றி இறங்கியவர். அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஏட்டையும் பேனாவையும் எடுத்து, "ஐயா, முத்துக்குளித்ததைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றேன். அவர் சிரித்தார். "முத்தைப் பற்றிக் கேட்காதீர், தம்பி. அது செட்டிமாருக்குத் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது தண்ணீர்" என்றார்.

அன்று மாலை வரையில் அவர் எனக்குத் தண்ணீரைப் பற்றியே சொன்னார். முதலில் காற்று. வடக்கிலிருந்து வீசுவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோழகம். மேற்கிலிருந்து வீசுவது கச்சான். நீருக்கு மேலே ஓடும் காற்றைப் போலவே நீருக்குள்ளும் ஓட்டம் உண்டு. அதற்கு 'நீவாடு' என்று பெயர். வாடைப்புறமிருந்து வருவது வாநீவாடு. சோழகப்புறமிருந்து வருவது சோநீவாடு. மேலே காற்று ஒரு திசையிலும் கீழே நீவாடு வேறொரு திசையிலும் செல்லும் நாட்கள் உண்டு. நீவாடு கடுமையாயிருக்கும் நாளில் குளியாளின் கயிறு சாய்ந்துவிடும். அவன் பாரை விட்டு மணலுக்குத் தள்ளப்படுவான். ஆதலால் படகிலிருந்து கயிற்றை விட்டு, அது நிற்கும் சாய்வைப் பார்த்தே, இன்று இறங்கலாமா, ஆகாதா என்று தீர்மானிப்பார்களாம்.

அடுத்தது காலம். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இக்கடலைக் கலக்குகின்றன. இவ்விரண்டிற்கும் இடையே, மாசி பங்குனி சித்திரைத் திங்கள்களில், கடல் அடங்கி நீர் தெளியும். சலாபத்திற்கு உரிய பருவம் அதுவே. மார்க்கோ போலோ குறித்த மாதங்களும் ஏறத்தாழ இவையே என்பதைக் கருதிப் பாருங்கள். நள்ளிரவிற்குப் பின் நிலத்திலிருந்து கடல் நோக்கி வீசும் கரைக்காற்றில் பாய் விரித்துச் சென்றால், விடியலில் பாரை அடையலாம். நண்பகலில் கடற்காற்று எழும்போது அதே பாயோடு கரை திரும்பலாம். ஒரே நாளின் இரு காற்றுகளையும் போக ஒன்று, வர ஒன்று எனப் பயன்படுத்திய இம்முறையை வகுத்தவர் யாரென்று எந்த நூலும் சொல்லவில்லை.

மூன்றாவது இடம். நிலத்தில் வரப்பு உண்டு. கடலில் என்ன உண்டு? கரையில் உள்ள இரண்டு அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்பட வரும் கோட்டில் படகைச் செலுத்தி, வேறு திசையில் உள்ள மற்ற இரண்டு அடையாளங்களும் நேர்படும்போது நிறுத்தினால், நீங்கள் நினைத்த இடத்தின்மேல் நிற்பீர்கள். கோயில் கோபுரமும், மாதா கோயிலின் உச்சியும், தீவின் முனையும், ஓங்கிய பனையும் இதற்கு அடையாளங்களாயின. வடிவியலில் இரு கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும் என்று நீங்கள் கரும்பலகையில் படிப்பதை, எழுத்தறியாத கடலோடி கடல்மீது படித்தான்.

பார்களின் பெயர்களையும் அம்முதியவர் எண்ணிக்கொண்டே போனார். தொள்ளாயிரம் பார், குடமுத்துப் பார், நாகரைப் பார் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவற்றுள் வான்தீவு ஆறுபாகம் பார் என்ற பெயர் என்னைப் பெரிதும் கவர்ந்தது. 'பாகம்' என்பது கடலோடிகளின் ஆழ அளவு, ஏறத்தாழ ஆறடி. வான்தீவை அடுத்தது, ஆறு பாக ஆழமுள்ளது என்னும் இரண்டு செய்திகளும் அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றன. காகிதத்தில் வரைபடம் இல்லாத காலத்தில், பெயரே வரைபடமாய் நின்றது. அப்பெயரை மகனுக்குச் சொல்லிக்கொடுத்த தந்தை, ஒரு பாடநூலின் பக்கத்தையே கொடுத்தவராகின்றார்.

இவ்வறிவை ஆட்சியாளர் அறியாதிருக்கவில்லை. இதனை நம்பியே அவர்கள் தொழில் நடத்தினார்கள். சலாபத்திற்கு முன்னர்ப் பார்களைச் சோதிப்பது வழக்கம். பாரை அறிந்த 'அடப்பனார்' என்னும் வழிகாட்டிகள் படகை அழைத்துச் செல்வர். குளியாள் இறங்கிச் சிப்பியை எடுத்து வருவான். அச்சிப்பியின் வயதும், அதிலுள்ள முத்தின் மதிப்பும் பார்த்துச் சலாபம் நடத்துவதா, ஒத்திவைப்பதா என்று அரசு முடிவு செய்யும். சிப்பி நான்கைந்து ஆண்டு வளர்ந்தால்தான் முத்து நன்கு தேறும். ஐந்தாறு ஆண்டுகளைக் கடந்தால் சிப்பி மடியத் தொடங்கும். முத்தும் அதனோடு கடலில் சிதறிப்போகும். முந்தினாலும் இழப்பு, பிந்தினாலும் இழப்பு. இடைப்பட்ட அச்சிறுகாலத்தை அறிவதே இத்தொழிலின் உயிர்நிலை.

ஆங்கில அதிகாரிகளின் பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிக்கைகளில் 'சூரன்' என்ற தமிழ்ச்சொல் அடிக்கடி வருவதைக் காணலாம். இளஞ்சிப்பிகளின்மேல் பின்னிப் படர்ந்து அவற்றை மூச்சுத் திணற வைக்கும் ஒருவகைச் சிறுமட்டிக்குக் குளியாட்கள் இட்ட பெயர் அது. கீழே இறங்கிப் பார்க்காத அதிகாரிக்கு அம்மட்டியின் கொடுமை எவ்வாறு தெரியும்? மேலே வந்த குளியாள் சொன்னான், அவர் எழுதினார். திருக்கையும் கிளாத்தி மீனும் சிப்பியைத் தின்பதையும், மணல் புரண்டு பாரை மூடுவதையும் அவ்வாறே அவர்கள் தெரிந்துகொண்டனர்.

1902-ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்ட்மன் என்பவர் இலங்கை அரசின் வேண்டுகோளின்படி மன்னார் வளைகுடாவை ஆராய வந்தார். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்த ஹெர்ட்மன் அறிக்கை கடலியல் வரலாற்றில் சிறந்த இடம் பெற்றது. ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றித் தூத்துக்குடிப் பார்களைப் பற்றியும் சங்கைப் பற்றியும் அரிய நூல்கள் எழுதினார்.

அவ்வறிக்கையில் ஒரு செய்தி உண்டு. இலங்கைப் பக்கத்தில் 'பெரிய பார்' என்று ஒன்று இருக்கின்றது. அதில் இளஞ்சிப்பி திரள் திரளாகத் தோன்றும். சில திங்களில் மறைந்துவிடும். சலாபத்திற்கு ஆகும் வரையில் ஒருமுறையும் நிலைப்பதில்லை. குளியாட்கள் அதனைத் தாய்ப்பார் என்று அழைத்தனர். அங்கே பிறக்கும் சிப்பிகள் மற்றப் பார்களுக்குக் குடிபெயர்ந்து செல்கின்றன என்பது அவர்கள் கருத்து. ஹெர்ட்மன் இதனை மறுத்தார். வளர்ந்த சிப்பி இடம் விட்டு இடம் அவ்வளவு தொலைவு செல்லாது. பருவக்காற்றின் அலைகளால் அவை அழிகின்றன என்றார். அவர் கூற்று உண்மையே. ஆயினும் குளியாள் கண்டதில் ஓர் உண்மை இருந்தது. கடலில் பார்கள் தனித்தனியே வாழவில்லை. ஒன்றுக்கொன்று தொடர்புடையன என்பதே அது. பிறந்த சிப்பியின் குஞ்சு ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து திரிந்த பின்னரே பாறையில் அமர்கின்றது என்பதை அறிவியல் பின்பு நிறுவியது. குடிபெயர்வது வளர்ந்த சிப்பியன்று. கண்ணுக்குப் புலனாகாத குஞ்சு. காட்சி குளியாளுடையது, விளக்கம் அறிஞருடையது. இரண்டும் சேர்ந்தபோதுதான் அறிவு முழுமையுற்றது.

பழையன எல்லாம் பொன் என்று நான் சொல்வதாக நீங்கள் எண்ண வேண்டா. சிப்பி நீர்ப்பரப்பிற்கு வந்து வாய் திறந்து மழைத்துளியை ஏற்க, அத்துளியே முத்தாகிறது என்று நம் நாட்டில் நெடுங்காலம் நம்பினார்கள். உரோமப் பேரரசின் பிளினி பனித்துளியால் முத்து உண்டாவதாக எழுதினார். இரண்டும் பிழையே. சிப்பியின் மெல்லுடலில் நுண்ணுயிரோ பிறபொருளோ புகும்போது, அதனைச் சுற்றிச் சிப்பி படலம் படலமாகச் சுரக்கும் பொருளே முத்து. சுறாவை மந்திரத்தால் கட்டும் 'கடல்கட்டி' என்பவர் கரையில் இருந்தாலன்றிக் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்த காலமும் உண்டு. இத்தகையோர்க்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்ததாக மார்க்கோ போலோ கூறுகின்றார். மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, அச்சத்தைக் கட்டியது. எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்தில், பதினைந்து கிலோ எடையுள்ள கல்லைப் பற்றி, விரலால் மூக்கை அடைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்திற்கு மேல் மூச்சடக்கியவனுக்கு அத்துணிவு தேவையாயிருந்தது. பிழையான நம்பிக்கையையும் பயனுள்ள அறிவையும் பிரித்தறிவது நம் கடமை. பிழை இருந்தது என்பதற்காக அறிவையும் சேர்த்து வீசிவிடுவது நன்றன்று.

இனி, இவ்வறிவைப் புறக்கணித்ததால் விளைந்ததற்கு ஒரு சான்று சொல்வேன். 1905-ஆம் ஆண்டில் இலங்கைப் பக்கத்துச் சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அப்பெருவிளைவைக் கண்டதும், 1906-ஆம் ஆண்டில் அப்பார்கள் இருபது ஆண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கிலக் கம்பெனியிடம் விடப்பட்டன. கம்பெனி ஆண்டுதோறும் 3,10,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்பது உடன்பாடு. 1906, 1907 ஆகிய ஆண்டுகளிலும் சலாபம் நடந்தது. அதன்பின் பார்கள் வறண்டன. கம்பெனி நிலைகுலைந்து 1912-ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. 1925 வரையில் அங்கே மீண்டும் சலாபம் இல்லை. குத்தகைப் பணம் ஆண்டுக் கணக்கில் வந்தாக வேண்டும். பாருக்கோ ஆண்டுக் கணக்கு இல்லை. சில ஆண்டு விளைந்து, பல ஆண்டு ஓய்ந்து கிடப்பதே அதன் இயல்பு என்பதைக் கடற்கரையில் எந்தக் குளியாளைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். இலண்டனில் உடன்பாடு எழுதியவர்கள் அவனைக் கேட்கவில்லை.

நம் கரையின் கணக்கும் அதுவே. தூத்துக்குடியில் 1908-இல் சலாபம் நடந்தது. பின்னர்ப் பதினெட்டு ஆண்டு கழித்து 1926 முதல் 1928 வரை நடந்தது. மீண்டும் இருபத்தேழு ஆண்டு ஓய்வு. 1955-இல் தொடங்கி 1961 வரை ஏழு ஆண்டுகள் இடைவிடாமல் நடந்தது. அதன்பின் இன்றுவரை சலாபம் இல்லை. அந்த ஏழாண்டுக் குளிப்பே பார்கள் வறண்டதற்குக் காரணம் என்று நான் தீர்ப்புக் கூறமாட்டேன். மனிதர் தொடாத காலத்திலும் பார்கள் பல்லாண்டு வெறுமையாய்க் கிடந்ததுண்டு. ஆனால் அம்முதியவர் சொன்னதை உங்களிடம் சொல்ல வேண்டும்.

"வயலைத் தரிசு போடுவதில்லையா, தம்பி? பாருக்கும் தரிசு வேண்டும். கடைசி வருடங்களில் குஞ்சுச் சிப்பி கையில் வந்தபோதே எங்கள் அப்பா சொன்னார், இது போதும் என்று. யாரிடம் போய்ச் சொல்வது? எங்களைக் கேட்டு எழுதினார்கள். எங்களைக் கேட்டா திறந்தார்கள்?" என்றார்.

எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு என்பது அக்காலத்து வழக்கம். பங்கில் அவர்களுக்கு இடம் இருந்தது. முடிவில் இடம் இல்லை. இச்சிறு வேற்றுமையில்தான் நம் பேச்சின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கின்றது.

கடலை அறிந்தவர் சொல் கேளாமையால் வந்த கேட்டிற்கு வேறு சான்றும் இக்கரையிலே உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்துள்ள பவளப்பாறைகள் அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கின்றன. சுண்ணாம்பிற்காகவும் கட்டடங்களுக்காகவும் அப்பாறைகள் பல்லாண்டு வெட்டி எடுக்கப்பட்டன. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் நீருள் மூழ்கிவிட்டன. வான்தீவு குறுகிச் சிறுத்தது. இவ்வேலையில் கடற்கரையின் ஏழை மக்களும் கூலிக்காக ஈடுபட்டார்கள் என்பதை மறைத்தல் ஆகாது. அறிவு இருந்தும், வயிற்றுப்பசி அதனை வாய் திறக்க விடுவதில்லை. 1986-ஆம் ஆண்டில் இருபத்தொரு தீவுகளும் தேசியக் கடற்பூங்காவாயின. 1989-இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-இல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இவை நற்செயல்களே. எனினும் அப்பாறைகளை நாளும் காண்பவர்களின் ஒத்துழைப்பின்றிச் சட்டம் மட்டும் கடலுக்குள் காவல் நிற்க இயலாது.

அறிஞரும் குளியாளும் கை கோத்தால் என்ன நிகழும் என்பதற்கும் தூத்துக்குடியே எடுத்துக்காட்டு. 1973-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கே. அழகர்சுவாமியும் அவர்தம் குழுவினரும், இந்தியாவில் முதன்முதலாக முத்தை வளர்த்தெடுப்பதில் இங்கே வெற்றி கண்டனர். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உண்டாக்கினர். அவர்களுடைய ஆய்வுக்கூடத்திற்கு வேண்டிய சிப்பிகளைப் பார்களிலிருந்து எடுத்துத் தந்தவர்கள் குளியாட்கள். அதுபோன்றே சங்குக் குளிப்பிலும் ஒரு நல்ல விதி வழங்கியது. ஒரு வளையத்தில் சங்கைப் புகுத்திப் பார்ப்பர். விட்டம் 57 மில்லிமீட்டருக்குக் குறைந்த சங்கு அதனுள் நுழைந்துவிடும்; அதனை உயிரோடு கடலிலேயே விட்டுவிட வேண்டும். இளையதை விட்டு முதிர்ந்ததை எடு என்னும் பழைய அறத்தை ஓர் இரும்பு வளையம் சட்டமாக்கியது.

உலகின் பிற கடல்களிலும் இவ்வுண்மை விளங்கியிருக்கின்றது. பசிபிக் மாகடலில் பலாவு என்னும் தீவுக்கூட்டம் உண்டு. அங்கே ஜோஹன்ஸ் என்ற அறிஞர் மீனவரிடம் மாணவராய் அமர்ந்து கேட்டார். எந்த மீன் எந்தப் பிறைநாளில் எங்கே கூடி முட்டையிடும் என்பதை அவர்கள் நுணுக்கமாக அறிந்திருந்தனர். அவர்கள் சொல்லியவற்றை 1981-ஆம் ஆண்டில் அவர் நூலாக வெளியிட்டார். பாறைத்திட்டில் சில காலம் எவரும் மீன் பிடிக்கலாகாது என்று தலைவர்கள் தடை விதிக்கும் வழக்கமும் அத்தீவில் தொன்றுதொட்டு இருந்தது. நம் முதியவர் சொன்ன தரிசு அங்கே முறையாகவே நின்றது. கொரியாவின் ஜேஜூ தீவில் மூச்சடக்கி மூழ்கும் பெண்களின் தொழில்மரபை 2016-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 1992-ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைய உடன்படிக்கை, தொல்குடி மக்களின் அறிவைப் போற்ற வேண்டும், அதன் பயனில் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்று கூறுகின்றது. 2002-ஆம் ஆண்டில் இந்தியாவும் அதற்கெனச் சட்டம் இயற்றியது.

நம் கரையிலேயே அவ்வறிவு இன்றும் உயிரோடு இருக்கின்றது. இராமநாதபுரக் கடற்கரையில் கடற்பாசி சேகரிக்கும் பெண்கள், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் மட்டுமே கடலில் இறங்குவது என்று தமக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டிருக்கின்றனர். எஞ்சிய நாட்களில் பாசி தழைக்க விடுகின்றனர். இதனை அவர்களுக்கு எந்த அலுவலகமும் கற்பிக்கவில்லை.

நான் விடைபெற எழுந்தபோது அம்முதியவர் உள்ளே சென்று ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தார். "என் பேரன் கல்லூரியில் கடலைப் பற்றிப் படிக்கிறான். இது அவன் புத்தகம். இதிலே எல்லாப் பாரும் இருக்கிறது என்று வாசித்துக் காட்டினான். பார் இருக்கிறது, தம்பி, பாரைக் காட்டினவன் இல்லை" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. ஆயினும் அச்சொல் என்னை இன்னும் விட்டு நீங்கவில்லை.

மாணவ நண்பர்களே, சலாபம் மீண்டும் வரலாம், வராமலும் போகலாம். அது கடலின் விருப்பம். ஆனால் 1961-இல் இறங்கிய கடைசித் தலைமுறை நம்மிடையே இன்னும் நெடுநாள் இராது. அவர்களோடு காற்றின் பெயர்களும், நீவாட்டின் குறிகளும், பார்களின் அடையாளங்களும் மறைந்துவிடும். உங்கள் ஊர் கடற்கரையாயின் கடலோடியிடம் செல்லுங்கள். மலையாயின் மலைமக்களிடம் செல்லுங்கள். வயல்நாடாயின் உழவரிடம் செல்லுங்கள். பணிவோடு கேளுங்கள். கேட்டதை அவர்தம் சொல்லாலேயே எழுதுங்கள். அவர் இசைந்தால், சொன்னவர் பெயரையும் அப்பக்கத்தின் தலையில் எழுதுங்கள். பின்னாளில் நீங்கள் அதிகாரிகளாகவும் ஆராய்ச்சியாளர்களாகவும் அமர்ந்து ஒரு கடலையோ காட்டையோ பற்றி முடிவெடுக்கும் நாள் வரும். அன்று, அறிவதற்காக மட்டுமன்றி, முடிவெடுப்பதற்காகவும் அவர்களை அழைத்து அருகில் அமர்த்துங்கள். பாரைக் காட்டியவருக்கு நாம் பட்ட கடனை அடைக்கும் வழி அதுவே.